ஆடிக் காற்றில் தறி தேடி ஒரு சுற்று

சேலை மறுபடி ஃபேஷன் ஆகிவிட்டது என்பது சென்னையில் மெட்ரோ ஏறுகிற யாருக்கும் தெரியும். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் காரைக்குடிப் பக்கம் நெய்கிற கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலைக்கு வெள்ளைச் சட்டையும் கேன்வாஸ் ஷூவும் போட்டு, இடுப்பில் தோல் பெல்ட் கட்டிக்கொண்டு வருகிறார்கள், பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. யாரிடமாவது "இது எங்கே நெய்தது?" என்று கேட்டால் ஆன்லைன் கடையின் பெயரைச் சொல்கிறார்கள். நெய்கிற ஊர்களைத்தான் ஒருமுறை நேரில் பார்த்துவிடுவோமே என்று கிளம்பினேன். கூட அத்தை வந்தார். முப்பத்தைந்து வருஷம் அரசுப் பள்ளியில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், சேலையைத் தவிர வேறு எதையும் கட்டிப் பழகாதவர், ஷூ சமாச்சாரம் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ராத்திரி ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து போனில் எழுதியது இது.

2025 ஆகஸ்ட் 2, சனி: காரைக்குடி

ஆடிக் காற்று என்றால் இங்கேதான் தெரிகிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து லாட்ஜுக்கு நடப்பதற்குள் வாயெல்லாம் மண். வெயிலும் குறைச்சல் இல்லை, காலை ஒன்பது மணிக்கே கண் கூசியது. டிபனுக்கு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும். பணியாரம் ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் பஞ்சாக, நாலு 40 ரூபாய். சட்னியின் காரத்துக்கு அத்தை இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சட்னியே கேட்டார்.

நெசவாளர் குடியிருக்கும் தெருவுக்கு ஆட்டோவில் போனோம். ஆட்டோக்காரரே, "முன்னாடி இந்தத் தெருவுல நுழைஞ்சாலே சத்தம் கேக்கும்மா, இப்ப காதைக் குடுத்துக் கேக்கணும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். வரிசையாக ஓட்டு வீடுகள், அதில் எங்கோ ஒன்றிரண்டில்தான் டக் டக் என்று சத்தம்.

நாங்கள் போன வீட்டில் நெசவாளர் அண்ணன் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார், அறுபது வயசுக்கு மேல் இருக்கும். தரையில் பள்ளம், பள்ளத்துக்குள் கால்கள், வலது கால் ஒரு மிதியை அழுத்த பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள், இரண்டாகப் பிரிகிறது, கை மேலே தொங்கும் கயிற்றை இழுக்க குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிறது, இழையை நெருக்குகிற சீப்பு மாதிரியான அச்சை முன்னால் இழுத்து ஒரு தட்டு, உடனே இடது கால். இவ்வளவும் ஒரு நொடிக்குள். பேசிக்கொண்டே செய்கிறார், எங்களைப் பார்த்துக்கொண்டே செய்கிறார், ஒரு இழை அறுந்தால் மட்டும் பேச்சு நிற்கிறது. அவர் கண்ணில்பட்ட அறுந்த இழை எங்கே இருக்கிறது என்று அவர் விரலை வைத்துக் காட்டிய பிறகும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டு அக்கா திண்ணையில் நாடாவுக்குள் வைக்கிற நூல் கண்டான தார் சுற்றிக்கொண்டிருந்தார், பழைய சைக்கிள் சக்கரத்தை வைத்துச் செய்த ராட்டை. அவருக்குத் தனியாகக் கூலி கிடையாது, சேலைக்குக் கொடுக்கிற கூலியில் அதுவும் அடக்கம். வீட்டில் இரண்டு பேர் வேலை செய்து ஒருவர் கூலி வாங்குகிறார்கள் என்பது அத்தைக்குத்தான் முதலில் உறைத்தது. "அப்ப உங்க சம்பளம் எங்கேம்மா போச்சு?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டார். அக்கா சிரித்தார், பதில் சொல்லவில்லை.

ஃபேஷன் ஆனதில் வியாபாரம் கூடியதா என்று அண்ணனைக் கேட்டேன். கூடியிருக்கிறது என்றுதான் சொன்னார். 2019-ல் காரைக்குடி கண்டாங்கிக்கு, இது இந்த ஊர்ப் பொருள் என்று சொல்கிற புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து கேட்டு வருபவர்கள் அதிகம், டூரிஸ்ட்டும் வருகிறார்கள், கல்லூரியில் ஃபேஷன் படிக்கிற பிள்ளைகளும் வருகிறார்கள். ஆனால் அவர்கள் கேட்கிற வேகத்துக்குத் தறி ஓடாது. "போன மாசம் ஒரு பொண்ணு போட்டோ அனுப்புச்சும்மா, பாசிப் பச்சையில வெளிர்னு வேணும்னு. நான் நூலுக்குச் சாயம் போட்டு, பாவு ஏத்தி, முத ரெண்டு சேலை இறக்குறதுக்குள்ள அது வேற கலருக்குப் போயிருச்சு. மிச்சப் பாவை நான் என்ன செய்ய?" ஒரு பாவு என்பது ஒரு சேலை இல்லை. ஒரே நிறத்தில், ஒரே கட்டத்தில் வரிசையாகப் பல சேலைகள் அதில் இருக்கின்றன. அதை ஏற்றி, ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் நுனியோடு பிணைத்து முடிக்கவே நாள் பிடிக்கும். ஏற்றிய பிறகு மனசு மாற முடியாது.

மஞ்சளில் அரக்குக் கட்டம் போட்ட ஒன்று வாங்கினேன், 1,350 ரூபாய். அத்தை பேரம் பேசுவார் என்று பயந்தேன், பேசவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு: காரைக்குடி

ஆடிப் பதினெட்டு. தறி ஓடாது, நேற்றே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் சாப்பிட வந்துவிட வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், எலுமிச்சை, தயிர்ச்சாதம், வடகம். முந்தாநாள் வரை முகம் தெரியாதவர்கள் வீட்டில் பாயில் உட்கார்ந்து வாழை இலையில் இரண்டு முறை தேங்காய்ச் சாதம் வாங்கிச் சாப்பிட்டோம். கிளம்பும்போது அத்தைக்குத் தாம்பூலமும் மஞ்சள் கயிறும் கொடுத்தார்.

மத்தியானம் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள். பர்மா தேக்குக் கதவு, எனாமல் டிபன் கேரியர், பீங்கான் ஜாடி, எல்லாவற்றுக்கும் நடுவில் சட்டம் போட்ட பழைய போட்டோக்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். யாரோ ஒரு ஆச்சியின் போட்டோ என்னை நிறுத்திவிட்டது. கண்டாங்கிதான் கட்டியிருக்கிறார். கொசுவம் பின்பக்கம், ரவிக்கை இல்லை, சேலை கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நிற்கிறது, காலும் கையும் நன்றாக வெளியே தெரிகிறது. அந்தக் காலத்துக் கண்டாங்கி அகலம் குறைச்சலாக, நூல் மொத்தமாக இருக்கும். பெரிய வீட்டில் முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நாள் பூராவும் நடப்பவர்களுக்கு அதுதான் வசதி. கரை மட்டும் அகலமாக, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். நம் ஊர்ப் பிள்ளைகள் சேலையைத் தூக்கிக் கட்டி ஷூ போடுவதை ஏதோ நேற்று வந்த அநியாயம் என்கிறோம், இந்த ஆச்சி எப்படிக் கட்டியிருக்கிறார் பாருங்கள் என்றேன். தரையைத் தொடுகிற மாதிரி, உள்பாவாடை வைத்து, முன்கொசுவம் வைத்து, முழு ரவிக்கை போட்டுக் கட்டுவதுதான் பழசு என்று நாம் நினைக்கிறோம். அது ஒன்றரை நூற்றாண்டுக் கதைதான், வங்காளத்தில் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி பம்பாயில் இருந்துவிட்டு வந்து, வெளியில் போக ஏதுவாக ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்த்துக் கட்டுகிற முறையைப் பரப்பியதாகச் சொல்வார்கள். அவரும் அந்தக் காலத்தில் ஃபேஷன் செய்தவர்தான்.

அத்தை போட்டோவை நெடுநேரம் பார்த்தார். "இந்தம்மாவுக்கு வசதியா இருந்துச்சு, கட்டுனாங்க. எனக்கு யாரும் வசதியைக் கேக்கலியே" என்றார். பள்ளிக்கூடத்தில் சேலைதான் கட்ட வேண்டும், மழை நாளில் இரண்டு கிலோமீட்டர் சேற்றில் நடந்து போனாலும் சேலைதான், நிறைமாதத்தில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாலும் சேலைதான். "உங்களுக்கு அது ஆசை, எங்களுக்கு யூனிஃபார்ம்." இதை நான் யோசித்ததே இல்லை. என் வயசுக்காரர்களுக்குச் சுடிதார் இருந்தது, ஜீன்ஸ் இருந்தது, சேலை கட்டு என்று யாரும் அதட்டவில்லை. அதனால்தான் நாங்களாகப் போய் அதை எடுத்துக் கட்டுகிறோம் என்று நினைக்கிறேன். 2015-ல் பெங்களூரில் இரண்டு தோழிகள் இந்த வருஷம் நூறு தடவை சேலை கட்டுவோம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு ஆரம்பித்தது இணையத்தில் எவ்வளவு பெரிதாகப் பரவியது! பீரோவில் மடித்து வைத்த சேலையை எடுத்துக் கட்டி, அதன் கதையையும் எழுதினார்கள். யாராவது உத்தரவு போட்டிருந்தால் நடந்திருக்குமா?

போட்டோ 600 ரூபாய் சொன்னார் கடைக்காரர். யார் வீட்டு ஆச்சியையோ விலைக்கு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்: மதுரை

மதுரையில் இறங்கியதும் ஜிகர்தண்டா. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் சேலை மறந்துவிடும்.

துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிப் புள்ளி வரவைக்கிற சுங்குடி பார்க்கத்தான் வந்தோம். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு உண்டு. சௌராஷ்டிர மக்களின் கைவேலை, நாயக்கர் காலத்திலிருந்து மதுரையில் இருக்கிறார்கள். மீனாட்சி கோயில் பக்கம் ஒரு கடையில் நுழைந்தோம். பையன், இருபது வயசு இருக்கும், மாடியிலிருந்து அடுக்கடுக்காக எடுத்துப் போட்டான். நீலத்தில் வெள்ளைப் புள்ளி, அரக்கில் மஞ்சள் புள்ளி, 650 ரூபாய். நான் தடவிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அக்கா, இது பிரிண்ட்டு. முடிச்சு போட்டது வேணும்னா சொல்லுங்க, ரெண்டே ரெண்டுதான் இருக்கு, விலை அதிகம்" என்றான். அவன் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்ன அந்தப் பையனின் முகம் ஞாபகத்திலேயே இருக்கிறது. அவன்தான் தன் பெரியம்மா வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பினான்.

பெரியம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில் பேச்சு, எங்களிடம் மதுரைத் தமிழ். துணியை மடித்துப் போட்டிருக்கிறார்கள். இடது கையின் நகத்தால் கடுகளவு துணியைக் கிள்ளித் தூக்கி, வலது கை நூலை அதன் கழுத்தில் சுற்றி ஒரு சுண்டு. அறுப்பதில்லை, அதே நூல் அடுத்த கிள்ளலுக்குப் போகிறது. இப்படி ஆயிரக்கணக்கில். அதன் பிறகு சாயத்தில் முக்குவார்கள், நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது, காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறித்துக்கொண்டு வருகிறது. உள்ளே புள்ளி. அச்சில் அடித்த புள்ளி எல்லாம் ஒரே அளவாக இருக்கும். இதில் ஒவ்வொன்றும் ஒரு குட்டி வளையம், நடுவில் ஒரு துளி நிறம், ஒன்று போல் இன்னொன்று இருக்காது, தடவினால் துணி அங்கே சின்னதாக மேடிட்டிருக்கும்.

எனக்கும் கொடுத்தார்கள். என் நகத்தில் துணி நிற்கவே இல்லை. "ஆறு வயசுல பழகணும் தாயி" என்றார் பெரியம்மா. இப்போது யாரும் ஆறு வயசுப் பிள்ளைக்கு இதைப் பழக்குவதில்லை, பழக்கவும் கூடாது, பள்ளிக்கூடம் போகட்டும். பெரியவர்கள் வந்து கற்றுக்கொள்கிற அளவுக்குக் கூலியும் இல்லை. சுங்குடிப் புள்ளி துப்பட்டாவில் இருக்கிறது, குர்த்தாவில் இருக்கிறது, ஆண்கள் போடும் சட்டையில்கூட வந்துவிட்டது, எல்லாம் அச்சு. புள்ளியின் சாயல்தான் ஊரெல்லாம் சுற்றுகிறது, பெரியம்மாவின் நகம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

முடிச்சுச் சேலை 2,800. அத்தை வாங்கினார், தனக்காக, அவருடைய பென்ஷனில். சாயங்காலம் தெருமுனையில் முள்ளு முருங்கை வடை, சூடாக, ஒன்று 10 ரூபாய், மேலே மிளகாய்ப் பொடி தூவி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்: சின்னாளப்பட்டி

திண்டுக்கல் போகிற வழியில் இறங்கினோம். இங்கேயும் சுங்குடி, அதோடு செயற்கைப் பட்டு. வரிசையாகக் கடைகள், ஆடித் தள்ளுபடி பேனர்கள் காற்றில் படபடக்கின்றன. விசைத்தறியில் நெய்த கண்டாங்கிக் கட்டம் 450 ரூபாய்க்குத் தொங்கியது. பார்வைக்கு நான் காரைக்குடியில் வாங்கியது போலவே இருக்கிறது. அந்தக் கடைக்காரர் அதைக் கைத்தறி என்று சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பொய் பெரும்பாலும் போன் திரையில்தான் நடக்கிறது, அங்கே தொட்டுப் பார்க்க முடியாதே. 1985-ல் கைத்தறிக்கு மட்டும் என்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டமே கொண்டுவந்தார்கள், சில சேலை வகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் இருக்கிறது, சந்தையும் அதன் போக்கில் இருக்கிறது.

ஒரு வழி காரைக்குடி அண்ணன் சொல்லிக் கொடுத்தார். தறியில் துணியின் அகலம் சுருங்காமல் இருக்க இரண்டு முனையிலும் முள் வைத்த குச்சியைக் குறுக்கே கட்டுவார்கள், நெய்ய நெய்ய நகர்த்துவார்கள். அந்த முள் பட்ட சின்னத் துளைகள் கைத்தறிச் சேலையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அன்றைக்கு நானும் அத்தையும் சின்னாளப்பட்டியில் ஒரு கடை விடாமல் சேலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தோம், ஒருவரும் கோபப்படவில்லை. ஒரு கடையில் மோர் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்: எங்கோ நெடுஞ்சாலையில்

திண்டுக்கல்லில் ராத்திரி ஏறிய தனியார் பஸ் திருச்சி தாண்டி நின்றுவிட்டது. ஏசி போனது முதலில், அரை மணியில் இன்ஜினும். மாற்று வண்டி இதோ வருகிறது என்றார்கள், விடியும் வரை இதோதான். டீக்கடை ஒன்று இருந்ததால் பிழைத்தோம். டிரைவர் பாவம், எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அங்கே பழக்கமானவள்தான் இந்தப் பயணத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த ஆள். திண்டுக்கல் பெண், கையில் குழந்தைக்கு ஒரு பை, இன்னொரு பையில் அயர்ன் பாக்ஸும் கிளிப்புகளும். சேலைக்கு மடிப்பு எடுத்துப் பெட்டியாக மடித்துக் கொடுக்கிற தொழில். கொசுவத்தையும் முந்தானையையும் முன்கூட்டியே மடித்து, தேய்த்து, கிளிப் போட்டு வைத்துவிட்டால் கட்டுகிறவருக்கு ஐந்து நிமிஷ வேலைதான். பட்டுக்கு 350, காட்டனுக்கு 200 வாங்குகிறாள். பிரசவத்துக்கு அப்புறம் வேலையை விட்டவள், யூடியூப் பார்த்துப் பழகியிருக்கிறாள். இப்போது வீட்டுக்காரர் சம்பளத்துக்குச் சமமாக வருகிறதாம். ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் சென்னைக்கு வகுப்பு எடுக்கப் போகிறாள். ஆவணி முகூர்த்தத்துக்கு எல்லா நாளும் புக் ஆகிவிட்டது.

கஸ்டமர்கள் அனுப்புகிற போட்டோக்களைக் காட்டினாள். 2022-ல் நியூயார்க்கில் மெட் காலா என்கிற ஃபேஷன் விழாவுக்குத் தொழிலதிபர் நடாஷா பூனாவாலா கட்டிப் போன தங்க நிறச் சேலை, 2024-ல் அதே இடத்தில் ஆலியா பட் நீளமான பின்வால் வைத்துக் கட்டியது, இரண்டுமே டிசைனர் சப்யசாச்சி வடிவமைத்தவை. "இது மாதிரி முந்தானை தரையில இழுக்கணுமாம் அக்கா, அதுவும் அம்மாவோட கல்யாணப் பட்டுல. அஞ்சரை மீட்டர்ல எப்படி இழுக்கும்? ஆனா ஏதாச்சும் பண்ணிக் குடுத்துருவேன்" என்றாள். 2023-ல் லண்டன் டிசைன் மியூசியத்தில் இக்காலச் சேலைகளுக்கென்றே கண்காட்சி வைத்தார்கள் என்று நான் சொன்னதும், "அங்க மடிப்பு எடுக்க ஆள் வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள், நிஜமாகவே கேட்டாள்.

அத்தைக்கு இதில் முதலில் உடன்பாடு இல்லை. சேலை கட்டத் தெரியாமல் என்ன பெண்கள் என்று ஆரம்பித்தார். அவள் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். "கட்டத் தெரியாதவங்கதான்மா நிறைய சேலை வாங்குறாங்க. கட்டிவிட ஆள் இருக்குன்னு தைரியம் வந்ததும் வாங்குறாங்க." எனக்கு அது முற்றிலும் சரி என்று படுகிறது. ரெடிமேட் கொசுவம், ஜிப் வைத்தது, பாக்கெட் வைத்தது, எதுவும் சேலையைக் கெடுக்கவில்லை. கட்டுகிற முறையைப் பற்றி நாம் போடுகிற சண்டையில் பாதியை யார் நெய்தது என்று கேட்பதில் போட்டிருந்தால் காரைக்குடித் தெருவில் இன்னும் நாலு தறி ஓடும்.

மாற்று பஸ் வந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. டீ 15 ரூபாய், எத்தனை குடித்தோம் என்று தெரியாது, கடைக்காரர் கடைசி டீக்குக் காசு வாங்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்: காஞ்சிபுரம்

செங்கல்பட்டில் இறங்கி ஒரு உறவினர் வீட்டில் தூங்கி எழுந்து, இன்று காலை காஞ்சிபுரம். இன்று தேசியக் கைத்தறி தினம். 1905-ல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய நாள் என்பதால் ஆகஸ்ட் 7. முதல் விழா 2015-ல் நம் சென்னையில்தான் நடந்தது. ஊரில் பேனர்கள் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் போன வீட்டில் அது என்றைக்கும் போல ஒரு வேலை நாள்.

தெருவில் பாவு நீட்டுவதைப் பார்க்கலாம் என்று ஆசையாக இருந்தேன். விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழையை நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வைப்பார்கள். ராத்திரி பெய்த மழையில் தெருவெல்லாம் ஈரம், யாரும் நீட்டவில்லை. மழைக்காலம் வந்தால் குழித்தறிக்குள்ளேயே ஊற்று எடுக்கும் என்றார் நெசவாளர். மழை நாள் அவர்களுக்குக் கூலியில்லாத நாள்.

கோர்வையைக் கிட்டத்தில் பார்த்தேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் நெசவிலேயே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று நாடா. நெசவாளர் ஒரு பக்கக் கரையையும் உடலையும் பார்த்துக்கொள்ள, மறுபக்கக் கரைக்கு இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். கரையும் உடலும் சேருகிற கோட்டில் இழைகள் பல் பல்லாகக் கோத்துக்கொண்டிருந்தன. விரலால் இழுத்துப் பார்க்கச் சொன்னார். "துணி கிழியும், கோர்வை விடாது." இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவர் மனைவி. முன்பு வீட்டுப் பிள்ளைகள் உட்கார்வார்கள். அது நின்றது நல்லது, ஆனால் அந்த இடத்துக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வருமானம் இடம் கொடுக்கவில்லை, அதனால் கோர்வைத் தறிகள் குறைகின்றன. கோர்வை இல்லாத சேலையைத் தனி ஒருவரே நெய்துவிடலாம், கடையிலும் அதைக் காஞ்சிப் பட்டு என்றுதான் வாங்கிப் போகிறார்கள்.

அவர் இரண்டு மகன்களும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 35 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருந்தார்கள், பத்து வருஷத்துக்கு முந்தைய கணக்கில் 43 லட்சம். அந்த 2019-20 கணக்கில் நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழே. சேலை ஃபேஷன் ஆகிக்கொண்டே வந்த அதே வருஷங்களில் இது நடந்திருக்கிறது. அந்த மகன்களை யார் குறை சொல்ல முடியும்?

மத்தியானம் பவர் கட், சாயங்காலம் மறுபடி இடி மழை. பட்டு நூலை ஈரம் படாமல் மூட வீட்டில் எல்லோரும் ஓடினார்கள், அத்தையும் ஒரு பெட்ஷீட்டோடு ஓடினார். அப்புறம் எல்லோருக்கும் சுக்குக் காபி.

ஆகஸ்ட் 8, வெள்ளி: காஞ்சிபுரம்

வரலட்சுமி விரதம். காந்தி ரோட்டில் கால் வைக்க இடமில்லை, பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டம் நேராகப் பட்டுக் கடைக்குள் போகிறது. வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ஜரிகைச் சேலை விலையெல்லாம் ஏறிக் கிடக்கிறது. பட்டு இழையின் மேல் வெள்ளிச் சரடு சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியதுதான் அசல் ஜரிகை. ஒரு கடையில் ஒரு கல்லூரிப் பெண் ஜரிகையே இல்லாத, வெறும் கட்டம் போட்ட, கனமில்லாத பட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஒருமுறையாவது கட்ட வேண்டும், பீரோவில் பூட்டி வைக்க இல்லை என்றாள். அவள் அம்மாவுக்கு ஜரிகை இல்லாத பட்டு பட்டாகவே படவில்லை. இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். நாங்கள் வரும்போது அந்தப் பெண் ஜெயித்திருந்தாள்.

காலை டிபன் கோயில் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு போட்டு, மந்தாரை இலை மணத்தோடு. அத்தைக்குக் கொஞ்சம் கனமாகப்பட்டது, நான் அவருடையதையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

அந்தப் பெண் கேட்டது என் மனசில் நின்றுவிட்டது. திரும்பப் பிள்ளையார்பாளையம் போய், ஜரிகை இல்லாமல், கோர்வைக் கரை மட்டும் வைத்து ஒரு சேலை நெய்து தருவீர்களா என்று கேட்டேன். சொந்தத் தறி, அதனால் அவரே முடிவு சொல்ல முடியும். தருகிறேன் என்றார், 18,000 ஆகும், தீபாவளி நெசவு முடிந்த பிறகுதான் பாவு ஏறும். அப்புறம் ஒன்று சொன்னார். "ஒரு பாவுல மூணு சேலைம்மா. உங்களுக்கு ஒண்ணு, மிச்சம் ரெண்டுக்கும் ஆள் இருந்தா நான் தைரியமா ஏத்துவேன்." ஜரிகை இல்லாததைக் கடைக்காரர் எடுப்பாரா என்று அவருக்குச் சந்தேகம்.

அத்தை சட்டென்று, "ரெண்டாவது எனக்கு" என்றார். ஷூ போட்டுக் கட்ட மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மூன்றாவதற்கு ஆள் தேடுகிறேன். உடல் செங்கல் நிறம், கரை கரும்பச்சை, கட்டம் சின்னது, முந்தானையில் கோடு மட்டும். பாவு ஏறுவதற்குள் யாராவது சொன்னால் அவரிடம் சொல்லிவிடுவேன், பணம் நேராக அவருக்கே போகட்டும்.